நிழலில் உலர்ந்த மண்

மண்ணை உலர்த்தும் விஷயத்தில் உலகத்தில் இரண்டே கட்சிகள் என்பது அவருடைய அபிப்பிராயம். ஒன்றில் அவர் இருந்தார். இன்னொன்றில் மீதி எல்லாரும் இருந்தார்கள்.

அலுவலகத்தில் அவருக்கு நிழல்காரர் என்று பெயர். நிலத்தடி வெப்பத்தைத் தேடும் ஆய்வு நிலையத்தில் இருபத்து நான்கு வருடமாக மாதிரி எடுக்கும் வேலை. தரையில் கட்டம் போட்டு, நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துளைக்கருவியைத் திருகி இறக்கி, நாற்பது சென்டிமீட்டர் ஆழத்து மண்ணைத் துணிப்பையில் கட்டி எண் எழுத வேண்டும். நாற்பது என்றால் நாற்பதுதான். முப்பத்தெட்டில் ஒரு கல் தட்டினால் மற்றவர்கள் அதையே நாற்பது என்று எழுதிவிட்டு டீக்குப் போவார்கள். இவர் இரண்டடி தள்ளி மறுபடி முதலிலிருந்து திருகுவார். மண் நிலையத்துக்கு வந்தபின் அதை வெயில் படாமல், சூடு படாமல், காற்றாட நிழலில் உலர்த்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார். துவைத்த துணியையும் இதே கொள்கைப்படி உள்ளறையில் காயப்போட்டவர் என்பதால், அவர் மனைவிக்கும் அந்தப் பட்டப்பெயரில் ஆட்சேபணை இல்லை.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பூமிக்குள் எங்கோ சூடான பாறை கிடக்கிறது. அதற்கு நேர் மேலே ஆழ்துளை போட்டால் நீராவி வரும், நீராவியிலிருந்து மின்சாரம் வரும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், "வெந்நீர் ஊத்து கண்ணு முன்னாடியே இருக்கே சார், அங்கயே தோண்டினா என்ன?" என்று கேட்பார்கள். நிழல்காரருக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. கேட்டவரை மட்டம் தட்ட இதைவிட வசதியான சந்தர்ப்பம் அமையாது. ஊற்றுத் தண்ணீர் பாறை இடுக்குகளில் மைல் கணக்கில் நடந்து வந்தது. அதில் கரைந்திருக்கும் உப்பையும் சிலிக்காவையும் அளந்தால் தண்ணீர் எவ்வளவு சூட்டில் வெந்தது என்று தெரியும். எங்கே வெந்தது என்று தெரியாது. அதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும். சூட்டில் கிளம்பும் பாதரச ஆவி அந்தச் சாட்சி. அது நேராக மேலே ஏறி, விரிசல் வழியாக வந்து, தரைக்குச் சற்றுக் கீழே மண்ணில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண மண்ணில் நூறு கோடிப் பங்குக்கு இருபது, முப்பது பங்கு பாதரசம் இருக்கும். அடியில் அடுப்பு எரிந்தால் அது முந்நூறுக்குத் தாவும். ஆனால் வெயிலைக் கண்டால் இந்தச் சாட்சி ஓடிவிடும். ஒரு மதியம் தகரத்தில் காய்ந்த மண்ணில் பாதி பாதரசம் காற்றோடு போயிருக்கும்.

இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர் என்பதில் அவருக்கு ஒரு கொம்பு முளைத்திருந்தது. "என் மாதிரியில ஒரு தப்பு காட்டுங்க பார்ப்போம்" என்று வருடத்துக்கு ஒரு முறையாவது யாரையாவது சவாலுக்கு இழுப்பார். யாரும் காட்டியதில்லை. காட்டுவதற்கு முதலில் அந்தத் துணிப்பைகளைத் தொட வேண்டும், அந்த அளவுக்கு அங்கே யாருக்கும் சுறுசுறுப்பு போதாது.

நிலையத்தின் தலைவரை எல்லாரும் டாக்டர் என்பார்கள். அவர் மண்ணைத் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவருடைய ஈடுபாடெல்லாம் கணினித் திரையில் விரியும் வண்ணப் படத்தில்தான். நீலம் வந்தால் முகம் வாடும், மஞ்சள் வந்தால் நிமிர்ந்து உட்காருவார், சிவப்பு வந்தால் எல்லாருக்கும் டீ. பள்ளத்தாக்குத் திட்டத்துக்காக நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளில் மண் எடுக்கும் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது, மேலிடத்திலிருந்து ஆட்கள் படம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. டாக்டர் நிழல்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உலர வைக்க மூணு வாரமா? மொட்டை மாடியில தகரக் கூரை சும்மாதானே கெடக்கு. அதுல பரப்புங்க. ரெண்டு நாள்ல காஞ்சுடும்."

"சார், பாதரசம் பறந்துடும்."

"எல்லாத்துலயும் ஒரே மாதிரிதானே பறக்கும்? நமக்கு வித்தியாசம்தானே முக்கியம்?"

நிழல்காரர் நேரில் மறுத்தார், எழுதி மறுத்தார், டீ நேரத்தில் முணுமுணுத்தும் மறுத்தார். மூன்றுக்கும் ஒரே பலன்தான். முந்நூற்று எழுபத்து நான்கு பைகளின் மண் தகரக் கூரை மேல் அப்பளம்போலக் காய்ந்தது. மீதி முப்பத்தெட்டுப் புள்ளிகள் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் இருந்தன, இன்னும் எடுக்கவில்லை. அந்த முப்பத்தெட்டை மட்டும் தகரத்துக்குப் பலி கொடுப்பதில்லை என்று அவர் முடிவு கட்டினார். கிழக்கு ஓரத்தில்தான் அவருடைய அக்காவின் வீடும் இருந்தது.

அக்கா தையல்காரி. கணவர் போனபின் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவள். அந்த வீட்டைக் கட்டி முடிக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. ஒரு வருடம் சுவர், ஒரு வருடம் கூரை, அடுத்த வருடம் ஜன்னலுக்குக் கம்பி, அதற்கும் அடுத்த வருடம் கண்ணாடி. கடைசியாகக் குளியலறைக்குக் கதவு வைத்த நாளில், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா நின்றிருந்ததாக அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தம்பி முப்பத்தெட்டுப் பை மண்ணோடு வந்து நின்றபோது முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். அவர் தரை முழுக்கப் பழைய தாளை விரித்து, மண்ணை அதன்மேல் எண் வாரியாகப் பரப்பினார். தூசி கலந்துவிடும் என்று மின்விசிறி போடக் கூடாது. வெயில் விழும் என்று ஜன்னல் திறக்கக் கூடாது. பெருக்கக் கூடாது. மூன்று வாரம் அக்கா தன் வீட்டுக்குள்ளேயே சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நடந்தாள்.

"மெஷினையாவது மிதிக்கலாமா, இல்ல அதுக்கும் உன் மண்ணு கோவிச்சுக்குமா?" என்று கேட்டாள்.

"மெதுவா மிதிக்கா. அதிரக் கூடாது."

அவள் மெதுவாகத்தான் மிதித்தாள்.

படம் வந்தது. பள்ளத்தாக்கு முழுக்க நீலம், கிழக்கு ஓரத்தில் மட்டும் முட்டை வடிவத்தில் ரத்தச் சிவப்பு. டாக்டர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆழ்துளை மேடைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு பதினைந்தே நாளில் அக்கா வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது. எடுக்கப்படும் இடத்தில் இருந்த ஒரே வீடு அது.

அக்கா அந்தத் தாளைக் கிழிக்காமல் பிரித்தெடுத்து மடித்து, பஸ் பிடித்து, தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, அவர் மனைவி பயந்துபோகிற அளவுக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

"அக்கா, உன் வீட்டுக்குக் கீழ ஒண்ணும் இல்லக்கா! மத்த எல்லா மண்ணையும் வெயில்ல வறுத்துட்டானுங்க. அதுல பாதரசம் போயிடுச்சு. உன் வீட்டுல உலர்ந்தது மட்டும் நிழல்ல உலர்ந்துது. அதான் செவப்பா தெரியுது. இது சூடு இல்ல, உலர்த்தின வித்தியாசம்!"

"அப்ப வீடு?"

"ஒரு கரண்டியக்கூட மூட்டை கட்டாத. நான் இருக்கேன்."

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தம்பிக்கு அதைவிட இனித்தது. வீடு பிழைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். மேலதிகாரி தவறு, தான் சரி என்று கொள்கையோடு நிரூபிக்கும் வாய்ப்பு ஒருவனுக்கு ஆயுளில் எத்தனை முறை கிடைக்கும்? மறுநாள் காலை டாக்டர் அறைக்குள் அவர் போன நடையைப் பார்த்தவர்கள் சம்பந்தம் பேசப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் முதலில் சீறினார். பிறகு யோசித்தார். அவ்வளவு பெரிய ஆழ்துளையைப் போட்டு, அடியில் பச்சைத் தண்ணீர் வந்து நின்றால் தன் பெயர் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"சரி, என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நானூத்திப் பன்னெண்டையும் திரும்ப எடுக்கணும் சார். எல்லாத்தையும் நிழல்ல காயவைக்கணும். கரியமில வாயு எவ்வளவு வருதுன்னும் புள்ளிக்குப் புள்ளி குழாய் போட்டு அளந்துடலாம். ரெண்டும் சேர்ந்து சொன்னா பேச்சுக்கே இடமில்ல."

அடுத்த மூன்று மாதம் நிழல்காரரின் பொற்காலம். மாதிரி அறை நிரம்பி, நடைபாதை நிரம்பி, மாடிப்படித் திருப்பம் நிரம்பி, கடைசியில் டாக்டரின் கூட்ட அறை மேசை மேலேயே மண் பரப்பினார். மேலிடத்து ஆட்களோடு டாக்டர் வராந்தாவில் நின்றபடி கூட்டம் நடத்தினார். "அந்த ஃபேனை நிறுத்துங்க சார்" என்று அவரிடமே சொல்லும் பாக்கியம் நிழல்காரருக்கு இரண்டு தடவை கிடைத்தது. யாராவது தும்மினால்கூட வெளியே போய்த் தும்மச் சொன்னார். இந்த முறை கிழக்கு ஓரத்து மண்ணும் நிலையத்தில்தான் உலர்ந்தது. எல்லா மண்ணும் ஒரே கூரைக்கடியில் இருக்க வேண்டும் என்பது அவர் விதி. வாரம் ஒரு முறை அக்காவுக்குப் போன் போட்டு, "எல்லாம் சரியா போகுதுக்கா" என்பார். அந்தத் தைரியத்தில் அக்கா முன்னறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டினாள்.

பரிசோதனைக் கூடத்தில் மண்ணை அளப்பவள் ஒரு வாயில்லாப் பூச்சி. ஒரு சிட்டிகை மண்ணைக் கருவிக்குள் வைத்துச் சூடாக்குவாள், கிளம்பும் பாதரசம் தங்கத் தகட்டில் ஒட்டும், எண் வரும், எழுதுவாள். கடைசி நாள் அவள் எண்களை எழுதிய தாளை நிழல்காரரிடம் கொடுக்காமல் மேசை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

பள்ளத்தாக்கு முழுக்க எண்கள் ஏறியிருந்தன. பத்து இருந்த இடத்தில் இருபது, பதினைந்து இருந்த இடத்தில் முப்பது. வெயில் திருடியது திரும்பி வந்துவிட்டது. அவர் சொன்னது அட்சரசுத்தமாக நிரூபணமானது. ஆனால் கிழக்கு ஓரத்தில் முந்நூற்றுப் பத்து, முந்நூற்று நாற்பது. அக்கா வீட்டுப் பின்பக்கத்துப் புள்ளியில் நானூற்று இருபது. கரியமில வாயுவும் அங்கேதான் உச்சம். முதல் படத்தில் முட்டையாக இருந்த சிவப்பு இப்போது சுருங்கி, கூர்மையாகி, குறிபார்த்து வைத்த பொட்டாக அந்த வீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் அவர் தோளைத் தட்டினார். "உங்களாலதான் இவ்வளவு துல்லியமா கெடச்சுது. மேல எழுதியிருக்கேன், உங்க பேரைப் போட்டே எழுதியிருக்கேன்."

மூன்று நாள் அவர் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. நாலாவது நாள் நேரில் போனார். திரைச்சீலையைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதும், முதல் படம் தப்பு, இரண்டாவதுதான் சரி என்பதை நடுவில் ஒரு தடவை விளக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

அக்கா மடித்து வைத்திருந்த அறிவிப்பை எடுத்து விரித்தாள். பிறகு கேட்டாள்: "விசாரணைக் கூட்டம்னு போட்டிருக்கே, அங்க ஆட்சேபணை சொன்னா?"

"மாதிரியில சந்தேகம் இருக்குன்னு ஆச்சுன்னா வேற ஆளுங்கள வெச்சு சரிபார்க்கணும். அதுக்கு ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. பள்ளத்தாக்குக்கு வெளிய, மேற்குப் பக்கம் ரெண்டாவதா ஒரு எடம் பார்த்து வெச்சிருக்காங்க, பொட்டல் காடு. அங்க போயிடுவாங்க."

"அப்ப சந்தேகம் இருக்குன்னு நீயே சொல்லிடேன்டா. ஏதோ ஒரு கை தவறு. மனுஷன்தானே."

"என் மாதிரியிலயா?" என்றார் நிழல்காரர். முகத்தில் அடித்தாற்போல இருந்தது அவருக்கு. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தரையைப் பார்த்தார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

கூட்டம் ஒரு பொது மண்டபத்தில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், கரகரக்கும் மைக், மேடையில் நில எடுப்பு அதிகாரி. அவர் நல்ல மனிதர், யாராவது ஒரு சாக்குக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தார் என்று பின்னால் எல்லாருமே சொன்னார்கள். ஆட்சேபணை உண்டா என்று அவர் கேட்டதும் அக்கா எழுந்தாள். மைக்கில் பேசிப் பழக்கமில்லாத குரல்.

"ஐயா, எங்க வீட்டுப் பின்னாடி ஒருதரம் தெர்மாமீட்டர் ஒடஞ்சுது. பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப. உள்ள இருந்த பாதரசம் எல்லாம் மண்ணுலதான் கொட்டுச்சு. அதனாலகூட மண்ணுல அப்படிக் காட்டலாம் இல்லைங்களா?"

மண்டபத்தில் சலசலப்பு. டாக்டர் நெளிந்தார். வண்ணப் படத்தைத் தாண்டி அவருக்குப் பதில் தெரியாது. அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டார்.

"நல்ல கேள்விம்மா. இதுக்கு யார் பதில் சொல்றது? மண்ணு எடுத்தவர் இருக்காரா? அப்படி நடக்க வாய்ப்பு இருக்குங்களா?"

நிழல்காரர் எழுந்தார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைச் சொறிந்திருந்தாலே போதும், அதிகாரி எழுதிக்கொண்டிருப்பார். பொய்கூட வேண்டாம், ஒரு இருமல் போதும்.

"வாய்ப்பே இல்லை" என்றார். சொன்னதோடு விட்டாரா? மைக்கை வாங்கிக்கொண்டார். தெர்மாமீட்டர் உடைந்தால் ஒரு புள்ளியில் மட்டும்தான் ஏறும், சுற்றியிருக்கும் முப்பத்தேழு புள்ளிகளில் ஏறாது என்றார். கொட்டிய பாதரசம் மேல்மண்ணில் நிற்கும், தான் எடுப்பது நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் என்றார். அப்படியே இறங்கியிருந்தாலும் கரியமில வாயு ஏன் அதே இடத்தில் ஏற வேண்டும், தெர்மாமீட்டருக்குள் கரியமில வாயுவா இருக்கிறது என்று கேட்டார். அந்த இடத்தில் சிலர் சிரித்தார்கள். இருபத்து நான்கு வருடத்தில் அவர் பேச்சை இத்தனை பேர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டது அன்றுதான். மனுஷனுக்குக் குரல் கணீரென்று வந்தது. முடித்துவிட்டு உட்காரும்போதுதான், தான் இவ்வளவு நேரம் யாருக்குப் பாடம் நடத்தினோம் என்பது அவருக்கு உறைத்தது. அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஆட்சேபணைக்கு விளக்கம் அளிக்கப்பட்டது" என்று அதிகாரி எழுதினார்.

நேர்மையான மனுஷன், கூடப்பிறந்தவள் வீடு என்றுகூடப் பார்க்கவில்லையே என்று வெளியே பேசிக்கொண்டார்கள். நேர்மையாவது ஒன்றாவது. தன் மண்ணில் குறை சொன்னவள் அக்காவாகவே இருந்தாலும் அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். உண்மையும் அவர் பக்கம் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

அக்கா காலி செய்த அன்று அவர் உதவிக்குப் போனார். தையல் மெஷினைத் தூக்கக் கை வைத்தபோது, "இருக்கட்டும், மருமகன் தூக்குவாரு" என்றாள். ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். புது இடம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கண்ணாடி அங்கே எந்த ஜன்னலுக்கும் பொருந்தவில்லை, கட்டில் அடியில் கிடந்தது.

எட்டு மாதம் கழித்துத் தொள்ளாயிரம் மீட்டரில் நீராவி பீறிட்டது. இருநூற்று முப்பத்தொரு டிகிரி. டாக்டர் நிழல்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வெள்ளைப் புகை வானத்துக்கு எழுந்து நிற்க, அதன் முன்னால் நிறுத்தி அவரைப் படம் எடுத்தார்கள். ஒரு சின்ன மண்பையை வைத்துக்கொண்டு இத்தனை ஆழத்தில் கிடப்பதன் இடத்தை இவ்வளவு சரியாகச் சொன்னது இதுவரை கேள்விப்படாதது என்று மேலிடத்து ஆள் ஒருவர் கையைக் குலுக்கினார்.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். மனைவியிடம் சொல்லியிருக்கலாம். கால் என்னவோ மூன்றாவது மாடிக்குத்தான் ஏறியது. சின்ன வயசிலிருந்து எந்தப் பரீட்சை முடிவையும் முதலில் அக்காவிடம் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

அக்கா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, வந்துடுச்சு. இருநூத்தி முப்பத்தொண்ணு. உன் சமையலறைக்கு நேர் கீழ."

அக்கா ஊசியை நிறுத்தவில்லை. "அப்ப நீ சொன்னது சரிதான்."

"ஆமாக்கா."

"சந்தோஷமாடா உனக்கு?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது என்பது அவருக்கே தெரிந்தது. வாயைத் திறந்தார். ஆனால் அந்தப் புகையும், கைகுலுக்கலும், குறித்த இடமும் நீராவி வந்த இடமும் அச்சாகப் பொருந்தி நின்றதும் நெஞ்சு முழுக்க அடைத்துக்கொண்டிருந்தன. அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தபோது அழுகையும் வந்தது.

"ஆமாக்கா" என்றார்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ரவிக்கையை மடித்து வைத்துவிட்டு எழுந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். படியில் இறங்கப் போனவர், எப்போதும்போல அவள் போயிட்டு வா என்று சொல்லட்டும் என்று நின்றார்.

"போ" என்றாள் அக்கா.